ஏழு மணி பஸ்ஸில் ஆளே இல்லை

புள்ளியியலில் முதுகலை படித்தவன் நான். டிக்கெட் கோப்பின் தலைமாட்டில் கொஞ்சம் வரிகளைக் கிள்ளியெடுத்து, மொத்த ஜில்லாவையும் அலசிவிட்டதாக நம்பிய முட்டாளும் நானேதான்.

விழுப்புரத்தில் எங்கள் சின்ன அலுவலகத்துக்கு வந்த வேலை அது. பல வருடத்து பஸ் டிக்கெட் விவரம், கோடிக்கணக்கான வரிகள். ஆளில்லாமல் ஓடும் பஸ் எது என்று சொல்ல வேண்டும், அதை போக்குவரத்துக் கழகம் நிறுத்திவிடும். முழுக் கோப்பையும் திறந்தால் என் லேப்டாப் பெருமூச்சு விட்டு அப்படியே உறைந்துபோகும். அதனால் மேலே இருந்த வரிகளை மட்டும் வெட்டியெடுத்தேன்.

முடிவு ஜோராக வந்தது. எங்கள் ஊர் கூட்டேரிப்பட்டிலிருந்து திண்டிவனம் போகும் காலை ஏழு மணி பஸ் காலி! மறுநாள் அனுப்பவேண்டிய அறிக்கையை வீட்டில் பெருமையாக வாசித்துக் காட்டினேன். என் மனைவி திண்டிவனத்தில் பள்ளி ஆசிரியை. அவள் தினமும் போவது அந்த பஸ்ஸில்தான் என்பது வாசித்து முடித்த பிறகுதான் உறைத்தது. நான் பைக்கில் எதிர்த்திசையில் போகிறவன்.

"காலியா? அப்போ தெனம் எங் கால மிதிக்கிறது யாரு, பேயா?"

"டேட்டா அப்படித்தாம்மா சொல்லுது."

"எந்த மாசத்து டேட்டா?"

திறந்து பார்த்தேன். தேதிவாரியாக அடுக்கிய கோப்பு. தொடக்கமே பொங்கல் வாரம். பள்ளி, கல்லூரி, ஆபீஸ் எல்லாம் லீவு.

"மூட்டை வாயில இருந்த கடலைய மட்டும் பாத்துட்டு சொத்தை மல்லாட்டைய வாங்கிக்கினு வந்தீங்களே, அதே கதைதான். அடி வரைக்கும் கைய வுடுங்க. இந்த பஸ்ஸும் நின்னா நான் ஷேர் ஆட்டோல தொங்கிக்கினு போவணும். பேஜாரு!"

விட்டேன் கையை. கோப்பை முழுசாகத் திறக்காமலே, எல்லா மாதத்திலும், எல்லா வழித்தடத்திலும் குலுக்கல் போட்டு ஒரு பிடி வரிகள். லேப்டாப்புக்கு மூச்சே வாங்கவில்லை. டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டது. நம்பிக்கை வராமல் இன்னொரு பிடி, மறுபடி ஒரு பிடி. பத்துப் பிடியும் ஒன்றையே சொல்லின: ஏழு மணி பஸ் பிதுங்குகிறது. கூடத்தில் ஒரு குத்தாட்டம் போட்டுவிட்டு அறிக்கையைத் திருத்தி அனுப்பினேன்.

சில வாரம் கழித்து பதில் வந்தது. பஸ் ஓடும். சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் மார்தட்டினேன்.

"கோடி வரியில ஒரு பிடி அள்ளி ஒன் பஸ்ஸ காப்பாத்திட்டேன், பாத்தியா?"

"சரி, உக்கார எடம்?"