புயலுக்கு வந்த சக்கர நாற்காலி

எங்கள் வட்டார நற்பணி மன்றத்தாருக்கு இரக்கம் ஏராளம், காதுதான் கிடையாது.

விடுதியில் பாத்திரம் தேய்ப்பவள் அவர்களிடம் கேட்டது, பள்ளிக்குப் போக வேனில் ஓர் இடம். அவளுடைய மகளுக்கு அறிவு வளர்ச்சி குறைவு; கால்களில் ஒரு குறையும் இல்லை. ஓடும் வேகத்தைப் பார்த்து அவர்கள் குடியிருக்கும் சந்தே வைத்த பெயர் ‘புயல்’. ஆனால் சிறப்புப் பள்ளிக்குப் போகும்போது, அம்மா கையைப் பிடித்து நடப்பது அலுத்துப்போய் பாதிவழியில் உட்கார்ந்துவிடுவாள். கெஞ்சினாலும் எழ மாட்டாள். இன்னொரு தடவை தாமதமானால் இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவோம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள்.

மன்றம் கூடியது, உருகியது, டீ குடித்தது. பிறகு பட்டாளமாகச் சந்துக்குள் வந்து ஒரு சக்கர நாற்காலியை இறக்கியது.

“ஐயா, இவ நல்லா நடப்பா. நான் கேட்டது வேனு.”

“ஊனம்னா நாற்காலிதாம்மா. குடோன்ல வேற என்ன இருக்கு? உக்கார வை, போட்டோ எடுக்கணும்,” என்றார் தலைவர்.

“உக்காந்தா வேன் கிடைக்குமா?”

“நன்றி இருக்கறவங்களுக்குத்தான் அடுத்தது.”

வேனுக்காக அம்மா மகளைத் தூக்கி வைத்தாள். புயல் எழுந்தாள். மறுபடி வைத்தாள், மறுபடி எழுந்தாள்.

“கெட்டியாப் பிடிம்மா. மூஞ்சியைக் கொஞ்சம் சோகமா வெச்சுக்கச் சொல்லு,” என்றார் போட்டோக்காரர்.

புயல் வாய்கொள்ளாமல் சிரித்தாள்.

“சிரிக்கிற பிள்ளைக்கு எவன்யா நன்கொடை தருவான்?” தலைவர் பல்லைக் கடித்தார்.

அம்மா மகளை விட்டுவிட்டாள். “சோகமான மூஞ்சிதானே வேணும்? இந்தாங்க,” என்று தானே போய் உட்கார்ந்தாள். “நின்னு நின்னு தேய்ச்சு வீங்கினது என் காலுதான். எடுங்க.”

எடுப்பதற்குள் புயல் பின்னால் போய்க் கைப்பிடியைப் பிடித்துத் தள்ள ஆரம்பித்தாள். தலைவர் ஒதுங்கினார். ஒதுங்கிய இடம் சாக்கடை.

வேன் வரவில்லை. நன்றிகெட்ட ஜென்மங்களுக்கு இனி உதவுவதில்லை என்று மன்றம் தீர்மானம் போட்டது. மறுநாள் காலை அம்மா நாற்காலியில் உட்கார, மகள் தள்ளினாள். பாதிவழியில் உட்காரும் பேச்சே இல்லை. “மெதுவாடி தங்கம்!” என்று அம்மா கத்த, பார்த்தவர்கள், “நடக்க முடியாத அம்மாவை எப்படிப் பாத்துக்கறா பாரு!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆசிரியை வருமுன்பே இருவரும் பள்ளி வாசலில் இருந்தார்கள். பள்ளியில் இடமும் தங்கியது.

தயவுசெய்து இதை மன்றத்தாரிடம் சொல்லிவிடாதீர்கள். எல்லாம் தங்கள் திட்டம்தான் என்று விழா எடுத்துவிடுவார்கள்.