கொண்டலா, கரியா?

எங்கள் ஃபிளாட்டில் அடுப்புக்கு மேலே ஒரு சிம்னி மாட்டியிருக்கிறோம். நேற்று அதில் சிவப்பு விளக்கு எரிந்தது. சுத்தம் செய்யச் சொல்கிறது என்றாள் மனைவி. நான் விவரம் தெரிந்தவன் அல்லவா, இருந்த பொத்தான்களையெல்லாம் அமுக்கினேன். துறைமுகத்து இழுவைப் படகு மாதிரி உறுமியதே தவிர விளக்கு அணையவில்லை. திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த ரெஜினா அக்கா, "ஏலே, புகைக்கூண்டு அடைச்சிருக்கா இல்லையான்னு அந்தக் காலத்துலயே ஒனக்குத் தெரியாதே" என்று சிரித்தாள்.

உண்மைதான். கடலை ஒட்டிய எங்கள் பழைய வீட்டில் உடைமர விறகு எரியும். ஓட்டுக்கு மேலே புகைக்கூண்டு. அதைத் தட்டிச் சுத்தம் செய்வது என் வேலை. எப்போது செய்வது என்பதில்தான் வீட்டில் இரண்டு கட்சி. புகை மேலே போகாமல் திரும்பினால் கரி அடைத்துவிட்டது என்பது அம்மா கட்சி. அப்பா தோணியை நடத்துகிற தண்டல். உலகத்தில் எது கோணினாலும் அவருக்குக் காற்றுதான் காரணம்.

"கரியும் இல்ல, ஒண்ணும் இல்ல. கடல்லேருந்து கொண்டல் கெளம்பிட்டு. அதான் புகை எறங்குது."

"நேத்து வாடைன்னிய, இன்னைக்குக் கொண்டலுங்கிய. ஒங்க காத்து பூராவும் என் கண்ணுலதான் அடிக்குது."

ஏணி ஏற வேண்டாம் என்பதால் நான் எப்போதும் அப்பா கட்சி.

அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கும் புகை திரும்பியது. மாப்பிள்ளை கப்பல்காரர், போனால் வருடம் ஒருமுறைதான் வருவார். அக்கா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. காப்பித் தட்டோடு அடுக்களையிலிருந்து வந்தவளின் கண்கள் செக்கச்செவேல் என்றிருந்தன, கன்னமெல்லாம் ஈரம். மாப்பிள்ளையின் அம்மா காப்பியைத் தொடவில்லை.

"ஏளா, இஷ்டம் இல்லன்னா இப்பமே சொல்லிரு. அழுதுகிட்டு ஒருத்தி என் வீட்டுக்கு வர வேண்டாம்."

"புகை, மாமி."

அந்த அம்மாள் லேசில் நம்புகிற ஆள் இல்லை. எழுந்து அடுக்களைக்குள் போனார். இருமிக்கொண்டே, முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி திரும்பினார். "புகைதான். எய்யா, அந்தக் கூண்டைத் தட்ட இந்த வீட்டுல ஆம்பள இல்லையா?"

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். கல்யாணம் முடிவாகிவிட்டது.

மறுநாள் ரோஷத்தோடு கூரை ஏறினேன். நீளக் கம்பில் சாக்கைக் கட்டி இடித்து இடித்துப் பார்த்தேன். ஒரு கை கரிகூட விழவில்லை. "கொண்டல்னு சொன்னேனா இல்லையா!" என்று அப்பா குதித்தார். கீழே அம்மா சாம்பல் அள்ளிக்கொண்டிருந்தாள். அடுப்புக்குள்ளிருந்து பாதி கருகிய பச்சைத் தென்னை மட்டை ஒன்று வந்தது. புகைந்து தள்ளும் என்று பச்சை மட்டையை எங்கள் வீட்டில் யாரும் அடுப்பில் வைப்பதில்லை. அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பின்வாசலில் எறிந்தாள்.

எனக்கு இன்றுவரை குழப்பம். அழுகையை மறைக்க அக்கா புகை போட்டாளா, வந்தவர்களை விரட்டப் போட்டாளா, அவசரத்தில் கைக்குக் கிடைத்ததைச் செருகினாளா? அத்தானோடு அவள் நன்றாகத்தான் வாழ்ந்தாள். அவர் கப்பலேறும் போதெல்லாம் அழுததாகவும் கேள்வி. அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அப்பா அம்மா இல்லை. தோணி இல்லை. வீட்டையும் இடித்தாயிற்று. நேற்றுக் கேட்டே விட்டேன்.

"அக்கா, அந்தப் பச்சை மட்டையை வச்சது யாரு?"

அவள் சிம்னியை அண்ணாந்து பார்த்தாள். "இது இருந்தா அடுக்களையில புகையே நிக்காதாலே?"

"துளிகூட நிக்காது."

"பாவம்லே, ஒம் பொண்டாட்டி."

அடுப்பின் முன் நின்ற மனைவி சிரிக்கவில்லை. நான் அவசரமாக இன்னொரு பொத்தானை அமுக்கினேன்.