இப்போதைக்கு மந்திரி

டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகுமுன் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை இடுக்கிப் பார்க்கிறார். அப்புறம்தான் குடிக்கிறார். ஆய்வகத்தில் சோதனைக் குழாய்களில் கலங்கல் தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்து ஊறிப்போன பழக்கம். சுகாதார மந்திரியான பிறகும் விடவில்லை.

"கிருமி என்ன கண்ணுக்குத் தெரியவா போகுது? இந்த மனுஷன் காபியைக்கூட இப்படித்தான் தூக்கிப் பார்க்கிறாரு" என்று சிரிப்பார் மனைவி.

யாராவது கை குலுக்கிவிட்டுப் போனால் முழங்கை வரை கழுவுவார். மாதிரிப் புட்டிகளின் மேல் தேதி எழுதுகிற தடித்த பேனா இன்னும் சட்டைப் பையில் இருக்கிறது. அதனாலேயே கோப்பில் கையெழுத்துப் போட்டு மை அடுத்த தாளுக்கு இறங்க, செயலாளர் தலையில் அடித்துக்கொள்வார்.

பேச்சில் 'இப்போதைக்கு' என்ற சொல் இல்லாமல் இவருக்கு வாக்கியம் முடியாது. பத்திரிகைக்காரர்கள் வைத்த பெயரே 'இப்போதைக்கு மந்திரி'. "என்னைப் பிடிச்சிருக்கான்னு கேட்டேன். 'இப்போதைக்குப் பிடிச்சிருக்கு'ன்னாரு. அப்பவே எழுந்து போயிருக்கணும்" என்பது மனைவியின் கட்சி.

ஆனால் அந்தச் சொல்தான் அவரை இந்த நாற்காலிக்குக் கொண்டுவந்தது. ஊரெங்கும் காய்ச்சல் பரவியபோது அரசுக்கு ஆலோசகராகப் போனார். ஆளாளுக்கு அளந்துகொண்டிருந்த நேரம். தொலைக்காட்சியில் இவர் மட்டும், "இப்போதைக்கு எங்களுக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்" என்றார். ஜனங்களுக்குப் பிடித்துப்போயிற்று. கட்சி மோப்பம் பிடித்து வந்து தேர்தலில் நிறுத்தியது. ஜெயித்தார். இன்று அதே சொல் கட்சிக்குத் தொண்டையில் சிக்கிய முள்.

போன வாரம் ஆற்றுக்கு மேற்கேயுள்ள தெருக்களில் பிள்ளைகளுக்கு வாந்தி, பேதி. குழாய்த் தண்ணீரால்தானோ என்று ஊரே கிலி பிடித்துக் கிடந்தது. இடைத்தேர்தல் வேறு. கட்சித் தலைவர் போன் போட்டார்: "தண்ணி நல்லாருக்குன்னு சொல்லிடுங்க டாக்டர். வளவளன்னு வேண்டாம். உங்க பதவிக்காகவும்தான் சொல்றேன்."

இவர் தம் பழைய ஆய்வகத்தைக் கூப்பிட்டார். மேற்குத் தெருக் குழாய்த் தண்ணீர் அங்கேதான் சோதனையில் இருந்தது. ஒரு காலத்தில் இவருக்குக் கீழே வேலை பார்த்த பெண்மணிதான் இப்போது அங்கே தலைமை.

"தட்டுல இன்னும் கிருமி ஒண்ணும் முளைக்கல சார். நாளைக்குத்தான் உறுதியாச் சொல்ல முடியும்."

"முளைக்காதுன்னு தோணுதா?"

"தோணுறதையெல்லாம் சொன்னா நீங்களே என்னைத் திட்டுவீங்களே சார்!"

போனை வைத்தார். அப்படியொரு கேள்வியைத் தாமே கேட்டுவிட்டோமே என்று பயமாக இருந்தது அவருக்கு.

நிருபர்கள் காத்திருந்த அறை வாசலில் செயலாளர் அறிக்கையை நீட்டினார். தேடிப் பார்த்தார், 'இப்போதைக்கு' எங்கேயும் இல்லை. "படிச்சு முடிச்சதும் ஒரு வாய் குடிச்சுக் காட்டிடுங்க சார். மேற்குத் தெருக் குழாய்ல பிடிச்ச தண்ணிதான். டிவியில நல்லாருக்கும்."

உள்ளே மேசைமேல் இருந்த டம்ளரைப் பார்த்ததும் தயங்கினார். தம்மை நினைத்தல்ல. மந்திரியே, அதுவும் டாக்டரே குடித்துக் காட்டினால், அதற்கப்புறம் எந்தத் தாய் தண்ணீரைக் கொதிக்கவைப்பாள்?

"மேற்குப் பகுதிக் குடிநீர்..." என்று படித்தவர் நிறுத்தினார். கை தானாக டம்ளருக்குப் போயிற்று. விளக்குக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை இடுக்கினார். காமிராக்கள் முண்டியடித்தன. தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது.

"குடிங்க சார்!" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து அந்தத் தடித்த பேனாவை எடுத்து, டம்ளரின் மேல் தெருவின் பெயரையும் அன்றைய தேதியையும் எழுதினார்.