கிணற்று வாளி இடித்த வலி

ஓமத்தண்ணீர் தொண்டையில் இறங்கும்போது எழும் காரமும் அதன் பச்சை வாசனையும் எனக்கு என் தங்கை கலாவின் வயிற்றுவலியைத்தான் நினைவூட்டும். திருமுல்லைவாயிலில் எங்கள் தெருவைச் சுற்றியிருந்த வயல்களையெல்லாம் அப்போது மனைகளாகப் பிரித்துக் கல் நட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டுப் பின்புறம் மட்டும் ராட்டினம் கட்டிய கிணறு மிஞ்சியிருந்தது. நானும் கலாவும் அதில் மாறி மாறித் தண்ணீர் சேந்துவோம்.

மூன்றாம் வகுப்பு படித்த கலாவுக்கு எதையும் நேராகச் சொல்ல வராது. உச்சிவெயிலில் "தார் ரோடு வேர்த்துகினு கீது" என்பாள். மின்சார ரயில் கடந்துபோனால் "ஊருக்கு ஜிப்பு போடுது" என்பாள். அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்காது. "கதை அளக்காதடி, ஒரே வார்த்தையில சொல்லு" என்று அதட்டுவாள்.

அரையாண்டுத் தேர்வு தொடங்கிய அன்று காலை கலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டாள். பரீட்சைப் பயம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அம்மா ஓமத்தண்ணீர் கொடுத்தாள்; மத்தியானம் அதையும் வாந்தியெடுத்து, நிமிர முடியாமல் அவள் குனிந்தே நடந்ததைப் பார்த்த பிறகுதான் தெருமுனையில் இருந்த டாக்டரம்மாவிடம் எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு ஓடினாள்.

"வயித்து வலிங்கறா. இஸ்கூலுக்குப் போவாம கீறதுக்குன்னு நெனச்சேன்" என்றாள் அம்மா. டாக்டரம்மா மருந்துச்சீட்டை எடுத்தவர், என்னவோ தோன்றி கலாவின் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லும்மா. எப்படி வலிக்குது?"

கலா அம்மாவைப் பார்த்தாள்.

"காலைல தொப்புளாண்ட ராட்டினம் சுத்துச்சி. இப்ப சுத்தல. வாளி கீழ எறங்கி இந்தப் பக்கமா நின்னுகிச்சி. நடந்தா கிணத்துக் கல்லுல இடிக்குது."

அவள் விரல் வலப்புற அடிவயிற்றில் இருந்தது. டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு அந்த இடத்தை மெல்ல அழுத்திக் கையை எடுத்ததும் கலா அலறினாள். குடல்வாலாக இருக்கலாம், தாமதிக்கக்கூடாது என்று சொல்லி அவரே வாசலுக்கு வந்து ஆட்டோவை நிறுத்தினார். வாளி இடிக்கும் கதையை அம்மா அழுதுகொண்டே சொல்லக் கேட்ட ஆட்டோக்காரர், "பள்ளம் பாத்து ஓட்றேன்க்கா, நீ பாப்பாவப் புட்ச்சிக்க" என்றார். பெரிய ஆஸ்பத்திரி வரும்வரை வண்டி ஒருமுறைகூடத் தூக்கிப்போடவில்லை.

அன்று சாயங்காலமே அறுவை சிகிச்சை நடந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் உள்ளேயே வெடித்திருக்கும் என்றார்கள். மறுநாள் கலா கண் விழித்ததும், "இப்ப எப்டிடி கீது?" என்று அம்மா கேட்டாள். என்ன சொல்லுவாளோ என்று நாங்கள் காத்திருந்தோம்.

"சும்மா கீதும்மா" என்றாள் கலா.

அம்மா அந்தக் கட்டிலின் விளிம்பிலேயே உட்கார்ந்து, சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு பெருமூச்சு விட்டாள்.

கிணறு தூர்ந்து, அதன் மேல் அடுக்குமாடிக் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடம் வந்துவிட்டது. டாக்டரம்மாவும் இல்லை. ஆவடிப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் நான், புலன்களுக்குத் தட்டுப்படும்படி சொல்லால் ஒன்றைக் காட்டுவதே படிமம் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறேன். ராட்டினம் பார்த்திராத பிள்ளைகளுக்கு அதை எப்படி விளங்கவைப்பது என்றுதான் கவலையாக இருந்தது. போன வாரம், "இப்போ உங்களுக்கு எப்படியிருக்குன்னு ஒரு படிமத்துல சொல்லுங்க" என்றேன். கடைசி பெஞ்சுப் பெண் எழுந்து, "உள்ள பேட்டரி சிவப்புக் கோடுதான் மிஸ் கீது. எப்ப வேணா ஆஃப் ஆயிடும்" என்றாள். வகுப்பு சிரித்தது.

நான் அவளை வெளியே அழைத்துப்போய், "சாப்ட்டியா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தாள். என் டப்பாவில் இட்லி இருந்தது.