பால் பையில் போட்ட பார்சல்

ஸ்டான்லியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் எழுதுகிறேன். அவன் பிழைப்பைக் கெடுத்தவள் நான்தான்.

மில்லில் பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளாமல், இருமி இருமி வேலையை விட்டவன் அவன். பிறகு ஒரு கூரியர் கம்பெனியில் சேர்ந்து எங்கள் நாகல்நகர்ப் பக்கம் பார்சல் கொடுத்தான். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டில் மதியம் தூங்குவார்கள், எல்லாம் அவனுக்கு அத்துப்படி. பார்சலுக்குக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். நான் ஐந்தாம் வகுப்பு டீச்சர், பகலில் வீட்டில் இருப்பதில்லை. "கேட்டுல பால் பை தொங்குதுல்ல, அதுல போட்டுட்டுப் போப்பா. கையெழுத்தாம் கையெழுத்து! என்னையத் தெரியாதா உனக்கு?" என்று அதட்டினேன். "தெரியாம என்ன டீச்சர்" என்று சிரித்தான். மூன்று வருஷம் அப்படியே ஓடியது. ஒரு பொருள்கூடத் தவறியதில்லை.

போன ஆகஸ்டில் சின்னாளப்பட்டி புவனேஸ்வரியிடம் ஒரு சிவப்புச் சுங்குடிச் சேலை வாங்கினேன். வீட்டிலிருந்தபடியே போனில் படம் போட்டு விற்கிற பெண். கார்டில் பணம் கட்டினேன், சேலை பால் பைக்கு வந்துவிட்டது. முத்தழகுபட்டி செபஸ்தியார் திருவிழாவுக்கு அதைத்தான் கட்டிக்கொண்டு போனேன். அங்கே விருந்துப் பந்தியில் ஸ்டான்லி குழம்பு வாளியோடு பரிமாறிக்கொண்டிருந்தான். "சேலை நல்லாருக்கு டீச்சர். முந்தானைய ஒதுக்கிக்கிருங்க, குழம்பு பட்டுரப் போவுது" என்றான். பட்டது.

முதல் துவைப்பு தனியாக, உப்புத் தண்ணீரில் என்று புவனேஸ்வரி சீட்டு எழுதி வைத்திருந்தாள். நான் அவசரத்தில் என் வீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டைகளோடு சேர்த்து மெஷினில் போட்டேன். சேலை திட்டுத் திட்டாக வெளுத்தது, சட்டைகள் சிவந்தன. புவனேஸ்வரியிடம் சேலையைத் திருப்பி எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடு என்றேன். "கட்டித் தொவச்ச சேலைய எப்படிக்கா திருப்பி எடுக்குறது?" என்றாள் அவள். நியாயம்தான். ஆனால் எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே. பேங்க் ஆப்பில் புகார் போட்டேன். அது காரணம் கேட்டது. 'பொருள் வரவில்லை' என்று இருந்த இடத்தைத் தொட்டேன். விரல் கொஞ்சமும் தயங்கவில்லை. இன்றுவரை அதுதான் உறுத்துகிறது.

பொருள் கொடுத்ததற்கு அத்தாட்சி எங்கே என்று பேங்க் அவளைக் கேட்டது. கையெழுத்து இருந்தால்தானே! பணம் எனக்குத் திரும்பி வந்தது. அவள் கூரியர் கம்பெனியைப் பிடித்தாள், கம்பெனி ஸ்டான்லியைப் பிடித்தது. வேலை போயிற்று.

ஒரு சனிக்கிழமை வாசலில் வந்து நின்றான். சண்டைக்குத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன். "என் தப்புதான் டீச்சர். கையெழுத்து வாங்கிருக்கணும். எவனோ பையிலருந்து எடுத்துட்டான். நான் திருடுறவன் இல்லன்னு நீங்க ஒரு லெட்டர் குடுத்தீங்கன்னா சேத்துக்கிருவாங்க" என்றான்.

எழுதினேன். 'மிகவும் நேர்மையானவர்' என்று முத்து முத்தாக எழுதிக் கொடுத்தேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். மானம் தடுத்தது. தீயை வைக்க, அந்த மானத்தில்!

செவ்வாய்க்கிழமை மறுபடி வந்தான். முகம் செத்துப் போயிருந்தது. "மேனேஜர் சிரிக்கிறாரு டீச்சர். 'நீ இம்புட்டு நல்லவன்னா பொருள் எங்கடா போச்சு? அந்த டீச்சரையே கேட்டுட்டு வா'ன்னுட்டாரு. நான் என்னன்னு சொல்ல?"

உள்ளே போய், பீரோவின் அடித்தட்டிலிருந்து சேலையை எடுத்து வந்தேன்.

"அந்தப் பார்சல் இதுதான்பா" என்று அவன் கையில் கொடுத்தேன்.

பிரித்துப் பார்த்தான்.

"இது திருவிழாவுக்குக் கட்டிருந்ததுல்ல டீச்சர்? நல்லாருக்குன்னு நான்தான சொன்னேன்."

"ஆபீசுக்கு நானே வந்து சொல்றேன். புவனேஸ்வரிக்கும் பணத்த அனுப்பிர்றேன்" என்றேன். வேண்டாம் டீச்சர் என்று ஒப்புக்காவது சொல்வான் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு, நான் செருப்பு மாட்டும்வரை காத்திருந்தான்.