கை வராத சொல்

வாவிக்கரை உதவி நிலையத்தில் கொம்பியூட்டர் அடித்த மெலிந்த மனிதர் அவர். தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் இரண்டு கையையும் விசைகளிலிருந்து தூக்கிவிடுவார். சத்தம் தேய்ந்த பிறகுதான் திரும்ப வைப்பார்.

வவுணதீவில் இராணுவம் பிடித்துக்கொண்டுபோன என் தம்பியைத் தேடித் தரக் கேட்டுப் போயிருந்தேன். வருகிற எல்லாருக்கும் உதவட்டும் என்று, பெயருக்கு இடம் விட்டு ஒரு விண்ணப்பப் படிவம் செய்துகொண்டிருந்தார். 'தேடப்படுபவர் உங்கள் மகன், கணவன், சகோதரன்' என்று அடித்தார்.

"மகள் எண்டும் போடுங்க ஐயா," என்றேன்.

அவருடைய கைகள் மேலெழுந்தன. தெருவில் ஜீப் எதுவும் வரவில்லை.

"எனக்கு இருக்கிறது ஒரு மகள்தான், தங்கச்சி. அத அடிக்கக் கை வருதில்ல."

எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒரு அம்மாவுக்கும் அதே படிவம்தான். ஐயா அவரிடம் பேனையை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். 'மகள்' என்று அந்த அம்மாவே எழுதினார்.