குற்றாலத்தில் நின்ற சிமெண்டு ஏட்டையா

மேலகரத்து ஏட்டையா சிவனணைந்தபெருமாள் போலீஸ் உத்தியோகத்தில் பிடித்த பெரிய கள்ளன் ஒரே ஒரு வாழைத்தார்க் கள்ளன்தான். அவனும் தார் கனத்து ஓட முடியாமல் தானே உட்கார்ந்துவிட்டவன். பேச்சு மட்டும் கோட்டையைப் பிடித்தவர் மாதிரி! ஓய்வுபெற்றதும் கடைத்தெருவில் அவரைக் கண்டு எழுந்திருக்க ஒரு ஆள் இல்லை. அதுதான் மனுஷரை அரித்தது.

ஐம்பத்தெட்டாம் வருஷம் குற்றாலத்து ஆற்றங்கரைப் பாதை நெடுக சிமெண்டுச் சிலைகள் வைத்தார்கள். மான், குடம் சுமக்கும் பெண், கையை நீட்டிக் கூட்டத்தை மறிக்கும் போலீஸ்காரர். போலீஸ் சிலைக்கு மாதிரியாக நிற்க ஆள் கேட்டதுதான் தாமதம், ஏட்டையா பழைய உடுப்பை மாட்டிக்கொண்டு போய் நின்றுவிட்டார்.

"இனிமே நான் செத்தாலும் ஊரு என்னைப் பாத்து நடுங்கும் ஏட்டி" என்று பெண்டாட்டி வடிவம்மாளிடம் பீற்றிக்கொண்டார்.

"உயிரோட இருக்கையிலயே ஒரு பயலும் நடுங்கக் காணோம்" என்றாள் அவள்.

சாரல் சீசன் வந்தது. எண்ணெய் தேய்த்துக் குளிக்க வந்த சனத்துக்கு அந்த நீட்டிய கை நல்ல துணிக்கொடியாகப் போயிற்று. ஈரத்துண்டும் கோவணமும் அதில்தான் தொங்கின. கையில் ஒட்டிய எண்ணெயைச் சிலையின் வயிற்றில் துடைத்தார்கள். ஏட்டையா தடியோடு போய் அதட்டிப் பார்த்தார்.

"வேற சோலியே இல்லையாவே உமக்கு?" என்று கேட்டுவிட்டுத் துண்டை உதறிப் போட்டார்கள். த்தூ, இதுவும் ஒரு பவுசா!

சில சீசன்கள் போயின. எண்ணெய் ஏறி ஏறிச் சிலை கன்னங்கரேலென்று ஆனது. தலையில் இருப்பது தொப்பியா தலைப்பாகையா என்று தெரியவில்லை. மீசை மட்டும் துலங்கியது. வெளியூர்ச் சனம் காவல் தெய்வம் மாடசாமி என்று நினைத்து மாலை போட்டுச் சுருட்டு வைத்துச் சூடம் கொளுத்தத் தொடங்கியது.

சேதி கேட்டதும் ஏட்டையா குதித்துக்கொண்டு ஓடினார். "எனக்குல்லா சூடம் காட்டுதாவ!" உடம்பெல்லாம் பூரிப்பு. மீசையை முறுக்கிவிட்டு, சிலைக்குப் பக்கத்தில் அதே மாதிரி கையை நீட்டி நின்றார்.

"நல்லாப் பாருங்க, இது நான்தான்!"

தட்டு ஏந்திய அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "பாவம், பசி மயக்கத்துல என்னமோ பேசுதாரு" என்று மகளிடம் சொல்லி, நீட்டிய கையில் படையல் பழம் ஒன்றை வைத்தாள்.

"சாமியை மறைக்காதீய தாத்தா. அங்கன தள்ளி இருந்து தின்னுங்க" என்றாள் மகள்.

யாரும் சிரிக்கக்கூட இல்லை. ஏட்டையா பழத்தோடு தள்ளி உட்கார்ந்தார்.